தறிக்குழியில் இரண்டு கைகள்

1

“மேடம், உங்க கதைல வர்ற மிலிட்டரிக்காரன் கடைசிப் பக்கத்துல கரெக்டா வந்துடறான். எங்கூட்டு ஆளு ஒரு தடவகூட அப்டி வந்ததில்ல.”

“வந்தா என்ன பேசுவீங்க?”

“ஒன்னே ஒன்னு கேக்கணும். அத இன்னும் கேக்கல.”

ஆரணியில், அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன இடத்தில், தறியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கால் மிதியை நிறுத்தாமலே என்னிடம் இப்படிச் சொன்னார். அந்த ஒன்று என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இனி வருகிற பெயர்களும் வெள்ளமும் நான் வைத்தவை. அவருடைய குரல் மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: “மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.” (அடித்துவிட்டேன். என்னுடைய மூன்று நாவல்கள் ஏற்கெனவே இப்படித்தான் தொடங்குகின்றன.)

இரண்டாம் தொடக்கம்: “பேரிடர் மேலாண்மை என்பது மூன்று கட்டங்களாக—” (இது போட்டித் தேர்வுப் புத்தகம். இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாவது: “ஸ்வர்ணலதாவின் கணவன் அடுத்தவர் ஊர் வெள்ளத்தில் நிற்கிறவன்.” இது நிற்கட்டும்.

ஸ்வர்ணலதாவுக்கு முப்பத்தாறு வயது. மாமனாரோடு சேர்ந்து பட்டு நெய்கிறாள். கணவன் சிவகுமார் ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் ஹவில்தார். படகு விடுவதும், அறுந்துபோன சாலைக்கு இரவோடிரவாகப் பாலம் போடுவதும் அவன் வேலை. மலை சரிந்தால் போவான், ஆறு பெருகினால் போவான். லீவில் வந்தால், எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கெல்லாம் “ஜோரா இருந்திச்சி” என்று ஒரே பதில்.

அவனுடைய பணிக்காலம் முடிகிறது. இரண்டு வருஷம் நீட்டிக்க விருப்பமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாதே, வந்துவிடு என்று அவள் சொல்ல நினைக்கிறாள். இன்று நேற்றல்ல, கல்யாணமான நாளிலிருந்து பதினான்கு வருஷமாக நினைக்கிறாள். ஒவ்வொரு லீவு முடியும்போதும் அவனை வழியனுப்ப ஆரணி பஸ் ஸ்டாண்டோடு நிற்காமல், கண்ணமங்கலம் வரை டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே போவாள். சொல்வதற்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்குமே என்றுதான். கண்ணமங்கலத்தில் அவன் பஸ் வேலூரைப் பார்த்துப் போய்விடும். இவள் சொல்லாத பேச்சோடு எதிர்ப்பக்கம் நின்று ஆரணி பஸ்ஸைப் பிடிப்பாள்.

3

ஓர் ஒப்புதல் வாக்குமூலம். ஆரணி வெள்ளத்தில் படகு வருகிறது, படகில் சிவகுமாரே வருகிறான் என்று நான்கு பக்கம் எழுதினேன். குடும்ப நாவல் எழுதிப் பழகிய கை அப்படித்தான் போகும். மறுநாள் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

[ராணுவம் அப்படி வருவதில்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரர் வருவார், பிறகு தீயணைப்பு, பிறகு ஆரஞ்சு உடுப்புப் பேரிடர் மீட்புப் படை. எல்லாருடைய கையும் போதாதபோது கலெக்டர் கேட்பார், மாநிலம் கேட்கும், அப்போது ஏதோ ஒரு முகாமிலிருந்து லாரிகள் கிளம்பும். அதில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று தண்ணீரில் நிற்பவர்களுக்குத் தெரியாது. நான் வியந்தது இந்த இடத்தில்தான். பெயர் தெரியாத ஒருவர், பெயர் தெரியாத இன்னொருவருக்காக இறங்குகிறார். இதில் சிவகுமாரை ஏற்றிவிட்டால் அந்த வியப்பை நானே கெடுத்தவள் ஆவேன்.]

ஆகவே ஆரணி மூழ்குகிற காலையில் சிவகுமார் வடகிழக்கில் ஒரு மலையடிவாரத்தில், யாருடைய அப்பாவையோ முதுகில் சுமந்துகொண்டு இருக்கிறான். அவனுடைய அப்பாவைச் சுமக்க வேறு யாரோ வருகிறார்.

4

ஏரி ஒன்று உடைந்து, கமண்டல நாகநதியும் கரை தாண்டி, காலை ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்று பேர். ஸ்வர்ணலதா, பன்னிரண்டு வயது மகள் தீபா, மாமனார் பரசுராமன்.

பரசுராமன் கையில் பாவு இருந்தது. பாதி நெய்த முகூர்த்தப் புடவையும், அதற்கு மேல் இன்னும் நெய்யாமல் நீண்டுகிடக்கிற பட்டு இழைகளும் சேர்ந்ததுதான் பாவு. தறியில் ஏறிய பாவைப் பாதியில் அறுக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் தண்ணீர் வாசலைத் தொட்டதுமே தறிச் சட்டங்களை அவிழ்த்து, அறுக்காமல் முழுசாகச் சுருட்டி, வெள்ளை வேட்டியில் பொதிந்துவிட்டார். மடித்தால் இழை கெட்டுவிடும் என்று இரண்டு கைகளிலும் கிடத்தி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“அத மேல எங்கனா வெச்சிட்டு வாங்க மாமா. கை மரத்துப் போவும்.”

“மூணு மாச வேலம்மா. மரத்தா மரத்துட்டுப் போவட்டும்.”

“தாத்தா, என்ன இப்டி எப்பனா தூக்கி கீறியா?” என்றாள் ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருந்த தீபா.

“நீ நனஞ்சா காஞ்சிடுவ. இது நனஞ்சா போச்சி.”

படகு வந்தது. தெருவெல்லாம் மிதந்த நூலும் கயிறும் மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டதால், நான்கு ராணுவ வீரர்கள் மார்பளவு நீரில் இறங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் சுவரோரமாகவே உள்ளே நுழைந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைத் துணிப் பொதியையும் அதைக் கிழவர் ஏந்தியிருந்த விதத்தையும் பார்த்தார். இந்தியில் ஏதோ சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினார். பரசுராமன் பேத்தியைக் காட்டவில்லை, மருமகளைக் காட்டவில்லை. பாவைக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்ட வீரர் வாசலைப் பார்த்து நேராகத் திரும்பினார். சட்டங்களை அவிழ்த்ததில், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழி சேற்றுத் தண்ணீருக்கு அடியில் திறந்து கிடந்தது. ஆரணிக்காரர் எவரும் நெசவாளி வீட்டுக் கூடத்தின் நடுவே கால் வைக்க மாட்டார். இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

“அங்க போவாதீங்க, குழி” என்று ஸ்வர்ணலதா கத்துவதற்குள் அவர் காணாமல் போனார்.

5

இடுப்பளவு தண்ணீர். அதற்குக் கீழே இடுப்பளவு குழி. தொப்பி மட்டும் மிதந்தது. அதன் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே, இரண்டு கைகள். கைகளில் பொதி. ஒரு சொட்டு படாமல்.

அந்தக் கைகள்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் முயன்றேன். உவமைகள் வந்தன. எல்லாம் அந்தக் கைகளைவிடச் சின்னவை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

(லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்பீர்கள். முந்தின வீட்டுக் கர்ப்பிணிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.)

குழியின் விளிம்பில் முழங்காலை ஊன்றி, இருமிக்கொண்டே மேலே வந்தார். படகில் பொதியைக் கிடத்தினார். தீபாவை ஏற்றினார், பரசுராமனை ஏற்றினார். பிறகு, மூச்சு வருகிறதா என்று பார்ப்பதற்காகத் துணியின் ஓரத்தை ஒரே விரலால் மெல்ல விலக்கினார்.

அரக்குச் சிவப்புப் பட்டு.

அந்த நேரத்தில் அவர் முகம் மாறியதை ஸ்வர்ணலதா பார்த்தாள். பொதிக்குள் இருந்த குழந்தை நழுவிவிட்டது, குழியில் கிடக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். திரும்பி உள்ளே ஓடி மூழ்கினார். வெறுங்கையோடு எழுந்தார். மறுபடி மூழ்கினார். அவள்தான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். “புள்ள இல்லங்க, புள்ள இல்ல” என்று தலையை ஆட்டினாள். படகுக்குக் கூட்டிவந்து தீபாவின் கையை அவர் கையில் வைத்தாள். ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரு பிள்ளைதான். இதுதான். இங்கேதான் இருக்கிறது.

6

அடுத்து அவர் என்ன செய்தார்? மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், கிழவரைத் திட்டுகிறார். அவருக்கு அந்த உரிமை முழுக்க உண்டு. இன்னொன்றில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் வைத்துக்கொண்டது மூன்றாவதை. படகின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு விலக்கிய துணியைப் பழையபடி மூடி, பொதியை எடுத்து மடியில் கிடத்திக்கொள்கிறார். நிவாரண முகாம் நடக்கிற பள்ளிக்கூடம் வரை இறக்கி வைக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியாது. காரணம் சொல்லி அதைச் சுருக்கவும் மனமில்லை.

பரசுராமன் வழியெல்லாம் தலையே தூக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் அந்த வீரரைப் பார்த்துக் கைகூப்பினார். வீரர் பாவை அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

7

மறுநாள், வியாழக்கிழமை மாலை. பள்ளிக்கூடத்து வராண்டாவில் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஸ்வர்ணலதாவின் செல்போனில் இப்போதுதான் சார்ஜ் ஏறியிருக்கிறது. ஏறியதும் தீபா அதிலிருந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டு முடிக்கிற இடத்தில் நான் எழுந்துகொள்வேன். சிவகுமாரின் பதில் உங்களுடையது. வருகிறேன் என்று அவனைச் சொல்ல வைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் எங்கோ இன்னொரு வீட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். அந்த வீட்டையும் நினைத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள்.

போன் அடித்தது.

“இன்னா லதா, தண்ணி வடிஞ்சிச்சா?”

“வடிஞ்சிகினு கீது.”

“எங்கப்பாரு பாவைத்தான் மொதல்ல குடுத்தாராமே? தீபா வாய்ஸ் மெசேஜ் போட்டா. இங்க டென்ட்டுல எல்லாம் சிரிச்சிகினு கீறானுங்க.”

“அத வாங்கின ஆளு சிரிக்கலங்க. புள்ள குழில கீதுன்னு ரெண்டு தடவ முழுவினாரு. அவரு மூஞ்சிய நான் பாத்தேன்.”

போனில் டென்ட்டுச் சிரிப்பு தூரமானது. சிவகுமார் வெளியே வந்துவிட்டான்.

“உங்களுக்கும் அப்டி ஆயிருக்குதா?”

“ஆயிருக்குது.”

“உள்ள புள்ள இருந்திச்சா?”

“ஒரு தடவ இருந்திச்சி. விடு லதா.”

“ஜோரா இருந்திச்சின்னு சொல்லிகினு இருந்தீங்களே.”

“வேற இன்னா சொல்லச் சொல்ற?”

தீபா வந்து பக்கத்தில் நின்றாள். ஸ்வர்ணலதா அவளைப் போகச் சொல்லவில்லை.

“நான் ஒன்னு கேக்கறேன். நடுவுல பேசாதீங்க. நீங்க இல்லன்னா யார் வூட்லயோ ரெண்டு கை கொறையும். முந்தி கேட்டிருந்தா அது தெரியாம கேட்டிருப்பேன். இப்ப தெரிஞ்சே கேக்கறேன். நாளைக்கி அந்த ஃபாரத்துல கையெழுத்து போடாதீங்க. வூட்டுக்கு வந்துடுங்க.”