தொட்டிக்குச் சாணி

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஐம்பத்தேழாம் வருடம்தான் மலத்தொட்டி கட்டினார்கள். நான் கொழுந்து பறிக்கிறவள். என் வீட்டுக்காரர் மூக்கன், நாலு லயத்து வரிசை வீடுகளின் கக்கூஸ் வாளிகளையும் தலையில் சுமந்தவர். மழைக்காலத்தில் அது முகத்தில் வழியும். வந்து குளித்துவிட்டு, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொட்டி கட்டி முடித்த அன்று தோட்டத்துத் துரை ஒரு வார்த்தை கொடுத்தார். மூன்று மாதம் நாற்றமில்லாமல் ஓடினால் மூக்கன் மற்ற ஆம்பிளைகளோடு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகலாம். ஓடாவிட்டால் பழையபடி வாளிதான். தொட்டி கட்டிய மேஸ்திரி என்னிடம், "உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கும்மா, அதுதான் கழிவத் தின்னு தண்ணியாக்குது. மருந்து மட்டும் ஊத்திராதீங்க," என்றார். வேலை விட்டு வந்ததும் தினமும் போய்ப் பார்ப்பேன். சரளைக் கல்லில் வடிந்து ஓடைக்கு இறங்கும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

மூன்றாம் மாதம் மாரியம்மன் திருவிழா வந்தது. கரகம் தொட்டியைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போகவேண்டும். ஆத்தா வரும் பாதை சுத்தமாக இருக்கட்டும் என்று கணக்கப்பிள்ளை செல்லசாமி இரண்டு டின் பினாயிலைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார். நான் ஓடிப்போனபோது டின் காலி.

"என்னாங்கய்யா இப்பிடிப் பண்ணிட்டீங்க! உள்ள உசுரு இருக்குங்க!"

"பீக்குழியில என்னாடி உசுரு? சாமி வர்ற நேரத்துல வாயக் கழுவு."

பக்தியில் செய்தார், பாவி மனுசன். நாலாம் நாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. தண்ணீர் வெளுத்து வந்தது. மூன்று மாதம் முடிந்து தோட்டத்து டாக்டர் தொட்டியைப் பரிசோதிக்க வர இன்னும் பதினெட்டு நாள்தான். மூக்கன், வாளிக்கு அடியில் தலையில் வைக்கும் பழைய சும்மாட்டுத் துணியைத் துவைத்துக் காயப்போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதக் கொண்டுபோயி அடுப்புல போடுங்க! செத்த உசுருக்குப் பதிலா வேற உசுரு விடுவோம். சாணியில இல்லாத உசுரா?"

கூடையோடு மாட்டுப்பட்டி மாட்டுப்பட்டியாக அலைந்தேன்.

"என்னா வீரம்மா, துரை பங்களா வரைக்கும் வாசல் தெளிக்கப் போறியா?" என்று மாடு வைத்திருந்த அழகம்மா சிரித்தாள்.

"ஆமாடி, ஒன் வாசலையும் சேத்துத்தான். அள்ளிப் போடு."

போட்டாள். பினாயில் கழுவிப் போக முதலில் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினோம். பிறகு தினமும் சாணியைக் கரைத்து ஊற்றினோம். பத்து நாளில் நாற்றம் குறைந்தது, தண்ணீரும் தெளிந்தது.

சொன்ன நாளில் துரையோடு வந்த டாக்டர் கண்ணாடிக் குவளையில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "நல்லா வேலை செய்யுது," என்றார்.

"எல்லாம் நான் ஊத்துன பினாயிலுங்க," என்றார் கணக்கப்பிள்ளை.

அடக் கொடுமையே! நான் வாயைத் திறக்குமுன் மூக்கன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். துரை மூக்கனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு. கணக்கப்பிள்ளை வாசித்துக்கொண்டு போனார்.

"பழனியாண்டி."

"இருக்கேங்க."

"மூக்கன்."

வாளி சுமந்த இத்தனை வருடத்தில் பெரட்டில் அவர் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆம்பிளைகள் வரிசையில் நின்றபடி, கூப்பிட்டது யாரை என்று அவரும் சுற்றிப் பார்த்தார்.

"மூக்கன்!"

பெண்கள் வரிசையிலிருந்து நான் கத்தினேன்: "இருக்காருங்கய்யா! இருக்காரு!"