ஓரெழுத்தில் கரைந்தவள்

உச்சி கடந்த வெயில் பல்கலைக்கழகத்தின் நெடிய சாளரங்களில் சாய்ந்து, நூலக அடுக்குகளுக்கிடையே மஞ்சள் பாய்களை விரித்துக்கொண்டிருக்க, படிப்போர் தலைகள் மெல்லக் கவிழ்ந்து, விசிறிகள் மட்டும் அயராது சுழன்றுகொண்டிருந்த அவ்வேளையில், மேல்மாடத்தில் இருந்த மதிப்பீட்டுக் குழுவின் அறைக்கதவைத் திறந்துகொண்டு, முகம் சிவக்க வெளியே வந்தாள் ஒருத்தி. கற்றறிந்தீர், அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உலகத்துக் கட்டுரைகளையெல்லாம் தொகுத்து வைத்திருக்கும் அட்டவணை அவளைப் பார்க்க மறுத்துவிட்டது.

உப்பேறிய நிலத்தைத் திருத்தி விளைநிலமாக்கும் வழிகளை ஆய்ந்து, வெயிலில் கருத்து, சேற்றில் கால் புதைத்து, அறிஞர் பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளை எழுதியவள் அவள். இடைக்காலமாகப் பெற்றிருந்த விரிவுரையாளர் பணி நிலைக்குமா, நீங்குமா என்பதே அன்றைய கேள்வி. தன் கட்டுரைகள் வெளிவந்த இதழ்களையே மேசைமேல் பரப்பிக் காட்டியும், குழுத்தலைவர் அவற்றைத் தொடாமல் கணிப்பொறித் திரையையே சுட்டினார்.

"எல்லாம் அருமையாத்தான் இருக்கும்மா. ஆனா அட்டவணையில உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே! அதுல இருந்தாத்தான் நாங்க கணக்குல எடுத்துக்க முடியும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள திருத்திக் கொண்டு வாங்க."

இல்லாமல் எங்கே போயிற்று? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. பெயரின் இறுதியில் நிற்பது குடும்பப்பெயர் என்று கொள்ளும் அவ்வட்டவணை, இறுதியில் நின்ற அவள் தந்தையின் பெயரை முழுமையாகப் பேணிக்கொண்டு, அவளுடைய சொந்தப் பெயரை முதலெழுத்து மட்டும் எஞ்ச நறுக்கிவிட்டது. அவளுடைய தமையனும் ஆய்வாளன். பாலங்களின் அதிர்வை அளப்பவன். இருவருக்கும் தந்தை ஒருவர். பெயரின் முதலெழுத்தும் ஒன்று. ஆகவே அண்ணனும் தங்கையும் ஓராளாகி, அந்த ஓராள் அண்ணனே ஆகிவிட்டான்! பாலமும் உவர்நிலமும் ஒருங்கே கைவந்த பேரறிஞன் என்று அவையோர் புகழ, அவனும் அடக்கத்தோடு தலைகுனிந்து அப்புகழை ஏற்றுக்கொண்டான்.

அட்டவணைக் காப்பாளருக்கு அவள் முன்பே விடுத்த முறையீடுகள் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்க, கடைசியில் ஒரே வரியில் விடை வந்திருந்தது: கட்டுரைகளின் ஆசிரியர் ஒப்பமிட்டால் பிரித்துத் தருவோம். அவர்கள் கணக்கில் ஆசிரியர் அண்ணன்தான்! தன் உழைப்பைத் தனக்கே தரும்படி கேட்க, அவள் அன்று மாலை அவன் அறைக்குப் போனாள்.

"கையெழுத்துதானேம்மா, போட்டுடலாம். ஆனா இப்ப வேண்டாம். துறைத்தலைவர் பதவிக்கு என் பேரு போயிருக்கு. இந்த நேரம் பார்த்துப் பாதிக் கட்டுரை குறைஞ்சா என்ன நினைப்பாங்க?"

"நாளைக்குள்ள பிரிக்கலைன்னா எனக்கு வேலையே இருக்காதுண்ணா."

"கோவிச்சுக்காத. யார் கணக்குல இருந்தா என்ன? நிக்கிறது நம்ம அப்பா பேருதானே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா பேரை யாரும் வெட்டலைண்ணா. என் பேரைத்தான் வெட்டினாங்க. சரி, இதெல்லாம் உங்க கட்டுரைதானே? மழை நின்னப்புறம் உப்பு ஏன் மறுபடியும் மேல வருதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவன் எழுதுகோலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தானேயன்றி, ஒப்பம் இடவில்லை.

ஒரு திங்கள் கழிவதற்குள் அவன் துறைத்தலைவனானான். அவளுக்கோ பணிநீக்க ஆணை வந்தது. அதன் அடியில், அட்டவணையன்றி வேறெதையும் அறியாத அலுவலகம், மிகுந்த அக்கறையோடு ஓர் அறிவுரையும் சேர்த்திருந்தது: உவர்நில ஆய்வில் புகழ்பெற்ற தங்கள் தமையனாரிடம் முறையாகப் பயின்றபின், மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

அறிவைத் தொகுத்தலும் வகுத்தலும் எண்ணி மதிப்பிடுதலும் அருந்தொண்டுகளே, மறுப்பாரில்லை. ஆயினும் எண்ணியவர்கள், எவரை எண்ணுகிறோம் என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தால், உப்பு நிலத்தைத் திருத்தியவள் தன் பெயரைத் திருத்த இயலாமல் தோற்றிருக்கமாட்டாள்.