ஏழு என்று நான் சொன்ன கார்டு

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

தரம் பார்க்கப்பட்ட கார்டுகளின் எண்ணிக்கையை, உலகத்தில் இருக்கும் கார்டுகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். சின்னப் பிழைதான். வகுப்பில் செய்திருந்தால் ஒரு மதிப்பெண் போயிருக்கும். நான் அதை சூர்யாவின் விஷயத்தில் செய்துவிட்டேன்.

சிறுசேரியில் என் வேலை, அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கு வரும் பேஸ்பால் கார்டுகளைச் சரிபார்ப்பது. ஆட்டக்காரரின் முதல் வருடக் கார்டுக்கு ரூக்கி கார்டு என்று பெயர். வைத்திருப்பவர் கட்டணம் கட்டி அனுப்பினால், தரம் பார்க்கும் நிறுவனத்தில் மூலை மழுங்கியிருக்கிறதா, அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் திருப்பி அனுப்புவார்கள். உறையில் இருக்கும் எண்ணும் அவர்கள் பதிவில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நான் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

சூர்யா எங்கள் ஷிப்ட் வண்டியின் டிரைவர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தேவனேரிக் குப்பத்துக்காரர். முன்பு வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடலில் பலகை மேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பலகைகள் கூட்டாளியுடையவை. கூட்டாளி கோவாவுக்குப் போனதும் அந்த வேலையும் போயிற்று. அவரிடம் கற்றுக்கொண்ட அமெரிக்கர் ஒருவர் ஊர் திரும்பும்போது கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒரு ரூக்கி கார்டு. பத்துக்குப் பத்து.

மதியம் மூன்று மணிக்கு வண்டி கிளம்பும். திருப்போரூருக்குள் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து செங்கல்பட்டு வரை நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் அவரை அண்ணா என்பார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் திருக்கழுக்குன்றத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் அவரும் புனேவில் அண்ணனிடம் போய்விட்டார்கள். செங்கல்பட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, மாலை வகுப்பில் பொருளாதாரம் படிக்கிறேன். வகுப்பு முடிந்தால் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ஆகவே நான் ஒரு நாளில் பேசும் பேச்சு என்றால் அந்த வண்டியில் பேசுவதுதான்.

ஜூலைக் கடைசியில் அந்தக் கார்டில் இருக்கும் ஆட்டக்காரர் தொடர்ந்து சில ஆட்டங்களில் நன்றாக அடித்தார். அந்த அமெரிக்கர் சொல்லிக் கேள்விப்பட்ட ஒருவர், சூர்யாவின் கார்டை நாற்பதாயிரத்துக்குக் கேட்டு எழுதினார். கோவளத்தில் ஒருவர் இரண்டு பழைய பலகைகளை அதற்குச் சற்றுக் குறைவாகத் தர இருந்தார். அவை கைக்கு வந்தால் வண்டியை விட்டுவிட்டுக் கடலுக்கே திரும்புவதாக சூர்யா சொன்னார். கொடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். நான் பதிவைப் பார்த்தேன். பத்து வாங்கியவை ஏழே ஏழு.

“ஏழுதான் இருக்கு. அவசரப்படாதீங்க, இன்னும் ஏறும்” என்றேன். அவர் வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டார்.

இன்று காலை அதே கார்டின் வேறொரு பிரதி சரிபார்க்க வந்தது. உடனே இன்னொன்று. பதிவைத் திறந்தால் அறுபத்து நாலு. கடைசியாக ஒன்று பதினாலாயிரத்துக்குப் போயிருந்தது.

திருப்போரூரில் மற்றவர்கள் இறங்கியதும் சூர்யா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னா மேடம், கப்பல் கவுந்த மாதிரி கீற?”

“அந்தக் கார்டு. நான் சொன்னது தப்பு.”

“எது, ஏழுன்னியே அதுவா?”

“இப்போ அறுபத்து நாலு.”

“குட்டி போட்டுச்சா இன்னா?”

“அச்சடிச்சது ஆயிரக்கணக்குல. முன்னாடி அந்த ஆட்டக்காரரை யாரும் கண்டுக்கல, அதனால காசு கட்டித் தரம் பார்க்க அனுப்பல. விலை ஏறினதும் அலமாரியில வெச்சிருந்தவங்க எல்லாம் அனுப்பிட்டாங்க. அவருக்கும் மணிக்கட்டுல அடி, ஆடறதில்லை. இப்போ கேக்கறவங்களும் குறைஞ்சிட்டாங்க.”

“நாப்பதுக்குக் கேட்டவனாண்ட இன்னொரு தபா கேட்டுப் பாக்கலாமா?”

“அவர் எங்க தளத்துலயே வேற ஒண்ணு வாங்கிட்டார், பார்த்தேன்.”

எதிரில் ஒரு மாடு நின்றது. ஹாரன் அடித்தார். மாடு நகர்ந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தார்.

“பேஜாரு. படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு நம்பிகினு இருந்தேன் பாரு, என்னியச் சொல்லணும்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்து, அது சினிமா வசனம் போல இருக்கும் என்று சொல்லாமல் இருந்தேன். செங்கல்பட்டு நெருங்கி, கொளவாய் ஏரி தெரிந்தபோது அவரே ஆரம்பித்தார்.

“சரி, வுடு. பதினாலு வந்தாலும் சரி. கைக்காசு கொஞ்சம் போட்டு ஒரு பலகை வாங்கிக்கிறேன்.”

“ஒண்ணே ஒண்ணை வெச்சுக்கிட்டு எப்படிக் கத்துக்கொடுப்பீங்க? உங்களுக்கு ஒண்ணு வேணுமே.”

“எனுக்கு இன்னாத்துக்கு? நான் தண்ணில நின்னுகினு பலகையப் புடிச்சித் தள்ளிவுடுவேன். உழுந்தான்னா தூக்குவேன்.”

“அப்போ வண்டி?”

“எங்க குப்பத்துல கிருபாகரன்னு ஒருத்தன் கீறான், அவன் ஓட்டுவான். தங்கமான ஆளு. ஆனா வாயே தொறக்க மாட்டான். உனுக்கு நல்லா செட்டாவும், நீயும் அப்படித்தானே.”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். இத்தனை நாளும் நான் பேசிக்கொண்டு வந்ததாக நினைத்திருந்தேன்.

வகுப்பில் இன்று தேவை, அளிப்புக் கோடுகள். கரும்பலகையில் ஒன்று ஏற, ஒன்று இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண் அழிரப்பர் கேட்டாள். கொடுத்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

அறைக்கு வந்ததிலிருந்து ஒரே கேள்வி. எந்தக் கார்டு வந்தாலும், வாரத்துக்கு எத்தனை புதிதாகத் தரம் பார்க்கப்பட்டன என்ற பக்கத்தையும் திறந்து பார்ப்பது என் வழக்கம். அன்று சூர்யா கேட்டபோது திறக்கவில்லை. ஏழு என்று வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பொறுங்கள் என்று சொல்ல அந்த எண் வசதியாக இருந்தது. அவசரத்தில் விட்டதா, அல்லது பலகை வாங்கினால் அவர் போய்விடுவார் என்பதாலா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் உண்மை போலவே இருக்கின்றன.

இப்போதுகூட ஒரு வழி இருக்கிறது. ஆட்டக்காரர் குணமாகி அடுத்த சீசனில் நன்றாக அடித்தால் விலை திரும்பலாம், அதுவரை பொறுங்கள் என்று சொல்லலாம். முழுப் பொய்யும் ஆகாது. சொன்னால் கேட்பார் என்றே நினைக்கிறேன். இன்னொரு வருடம் ஓட்டிக்கொண்டு வருவார்.

அந்தப் பக்கத்தை இப்போது திறந்து பார்த்தேன். இந்த வாரமே இருபது புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. இனியும் வரும். ஒவ்வொரு நாள் தள்ளுவதும் அவருக்கு நஷ்டம்.

நாளை: காலையில் வண்டி ஏறியதும் சூர்யாவிடம் கார்டை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுக்க வேண்டும். மதிய இடைவேளையில், அவர் போனில் அவர் பெயரிலேயே, பதிமூன்றாயிரத்து ஐந்நூறு என்று விலை போட்டு எங்கள் தளத்தில் விற்பனைக்கு வைக்க வேண்டும்.