ஒரு துண்டு பழுப்புச் சீஸ்

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு குன்வோர் ஆய்வகத்துக்கு வந்தபோது ஆராய்ச்சி மாணவன் எஸ்கில் வாசலிலேயே நின்றிருந்தான். உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏழு பயப்படல," என்றான். "கருப்பு ரூம்ல நான்தான் கொண்டுபோய் விட்டேன். சந்தைக்கு வந்த மாதிரி ஹாயா சுத்துது. ஸ்பீக்கர்ல ஒரு சத்தமும் இல்ல. நீ படுத்திருந்த மூணு நாளும் இதே கூத்துதான்."

நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் பேராசிரியருக்கும் 'நீ'தான். திட்டுவதற்கு அது வசதி.

ஏழு என்பது ஒரு எலி. தலையில் குட்டித் தொப்பிபோலக் கம்பிகள் சொருகிய அது, வேலையில்லாத நேரத்தில் துண்டு விரித்த பூந்தொட்டிக்குள் படுத்திருக்கும். கருப்பு அறையில் விட்டால் தரைக்கம்பிகளில் மின்சாரம் சுரீரென்று பாயும். வெள்ளை அறையில் ஒன்றும் நடக்காது. எலி மூளையில் கடற்குதிரைபோல் வளைந்த ஒரு பகுதி உண்டு, மனித மூளையில் இருப்பதுபோலவே. இடத்தை அதுதான் நினைவில் வைக்கிறது. அங்கே எஸ்கில் பிடித்து வைத்திருந்த ஒரே ஒரு செல், கருப்பு அறையில் மட்டும் கம்பி வழியே ஸ்பீக்கரில் படபடக்கும். மின்சாரத்தை அடியோடு நிறுத்திய பிறகும் படபடத்தது, ஏழும் கல்லாய் உறைந்தது. எலி அறையை அறிந்திருக்கிறது என்று எஸ்கில் எழுதத் தொடங்கிவிட்டான். நாலு வருஷப் படிப்பு அந்த ஒரு வரியில் நின்றது.

எலியைத் தூக்கிப் போகும் வேலை குன்வோருடையது, இருபத்தாறு வருஷமாக. எந்த அறைக்குப் போனாலும் கையும் நடையும் ஒன்றாக இருக்க வேண்டும். பேசக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. இந்த விதியைச் சுவரில் ஒட்டியவளே அவள்தான்.

"நீ ஏதாவது செஞ்சியா?"

அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "சீஸ் குடுத்தேன். பழுப்புச் சீஸ், நகத்தளவு."

"எப்போ?"

"கருப்பு ரூமுக்குப் போறப்ப மட்டும். பாவமா இருந்துச்சு எஸ்கில். 'போயிட்டு வா தங்கம்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

எஸ்கில் சிரித்தான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "என் நாலு வருஷத்தை உன் பாவம் தின்னுடுச்சு. சரி, வா. வெள்ளை ரூம்ல குடு. அதே வார்த்தையையும் சொல்லு."

"வேண்டாம்."

"குடு, குன்வோர்."

வெள்ளை அறையில் ஏழு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அங்கே அதற்கு ஒரு நாளும் வலித்ததில்லை. அவள் சீஸை நீட்டி, "போயிட்டு வா தங்கம்," என்றாள். எலி தின்னவில்லை. நான்கு காலையும் ஒடுக்கி, முதுகைக் கூனி, இருந்த இடத்தில் உறைந்தது. அடியில் புழுக்கைகள் விழுந்தன. ஸ்பீக்கரில் கடுகு வெடிப்பதுபோல அந்தச் செல் வெடித்தது. உடம்பு வெள்ளை அறையில் இருந்தது, ஏழு கருப்பு அறையில் இருந்தது.

"பாத்தியா? அதுக்குக் கருப்பு ரூமே கிடையாது. நீதான் கருப்பு ரூம்," என்றான் எஸ்கில்.

தன் கையில் ஒரு எலியும் நடுங்கியதில்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொண்டவள் அவள். அன்று கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெட்கமாகவும் இருந்தது, இந்த வயதில் ஒரு எலிக்காக.

வெள்ளிக்கிழமை ஏழுக்குக் கடைசி நாள். கம்பி எந்த இடத்தைத் தொட்டது என்று பார்க்க மூளையைச் சீவியாக வேண்டும்.

"நானே தூக்கிட்டுப் போறேன். பயமில்லாம போகட்டும். வேற ஒண்ணும் கேக்கல," என்றாள்.

எஸ்கில் தோளைக் குலுக்கினான்.

வெள்ளிக்கிழமைதோறும் காபி அறையில் எல்லோரும் கூடி வாஃபிள் அப்பம் சுட்டு, மேலே பழுப்புச் சீஸ் சீவித் தின்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் வெறும் ரொட்டி தின்றாள். முழங்கைவரை மூன்று தடவை கழுவினாள். துவைத்த அங்கியைப் போட்டுக்கொண்டாள். பூந்தொட்டியிலிருந்து எலியை எடுத்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை.

நடையின் பாதியில் எலி அவள் உள்ளங்கையில் தளர்ந்து படுத்தது. பல்லை மெல்ல அரைக்கும் சத்தம் கேட்டது. எலி நிம்மதியாக இருந்தால்தான் அப்படி அரைக்கும். அந்தக் கடைசி அறையின் கதவுக்கு இன்னும் சில அடிதான்.

"குன்வோர்!"

காபி அறையிலிருந்து எஸ்கில் ஓடி வந்தான். கையில் தட்டு, தட்டில் சூடான வாஃபிள்.

"அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. உனக்குன்னு எடுத்து வச்சேன், சாப்பிடு," என்று தட்டை அவள் முகத்தருகே நீட்டினான். பையன் மனுஷியை நினைத்தான், எலியை மறந்துவிட்டான்.

பல் அரைக்கும் சத்தம் நின்றது. உள்ளங்கையில் கிடந்த மென்மை கல்லாயிற்று. கட்டைவிரலுக்கு அடியில் அதன் நெஞ்சு தடதடவென்று அடித்தது.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் துடித்தது. அவளுடைய ஆறுதலும் அதற்குக் கருப்பு அறைதான். குன்வோர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்து பிடித்தார்கள். எஸ்கில் இன்னும் தட்டை நீட்டியபடியே நின்றான். வாஃபிளின் மேல் சீஸ் மெல்ல உருகி ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது.