பாதித் தாடியில் நிற்கும் பூபதி

1.

இந்தக் கதை எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஓசியில் கிடைத்தது. மளிகைக் கடையில் சீயக்காய்த் தூளுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் சலூன் சாமான் விற்பவரிடம் தாடிக்காரர் ஒருவர் சவரக்கத்தி கேட்டார். பிளேடு மாற்றுகிற மாதிரி இல்லை. தீட்டித் தீட்டிப் பயன்படுத்துகிற பழைய மடக்குக் கத்தி.

"சலூன் வெக்கறீங்களாங்க?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, எனக்குத்தானுங்க. இனிமேத்தான் பழகோணும்."

அவ்வளவுதான். அவர் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். பெயர், ஊர், காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் என் கைவரிசை. நாளைக்கு யாரும் வந்து 'அது எங்க மாமனுங்க' என்று சண்டைக்கு நிற்கக் கூடாது.

2.

முதல் தொடக்கம்: 'காலைச் சூரியன் கண்ணாடியில் தகதகக்க, பூபதி தன் முகத்தை…'

சகிக்கவில்லை. பள்ளிபாளையத்து லைன் வீட்டுக் குளியலறையில் சூரியனுக்கு என்ன வேலை?

இரண்டாவது: 'பூபதி தறி ஓட்டுகிறவன். பக்தியாலோ சோம்பலாலோ அவன் தாடி வளர்க்கவில்லை. அவன் மனைவி தனப்பிரியா முழுகாமல் இருந்தாள்.'

இது தேறும். மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் சவரம் செய்துகொள்ளக் கூடாது. குழந்தை பிறந்த பிறகுதான் தாடியை எடுப்பான்.* ஏழாம் மாதத்தில் அந்தக் குழந்தை வயிற்றிலேயே

[இந்த வாக்கியத்தை முடிக்க உட்கார்ந்தபோதெல்லாம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இப்படியே இருக்கட்டும். உங்களுக்குப் புரிந்துவிட்டது.]

* 'எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்லையே' என்பவர்களுக்கு: பூபதி வீட்டில் உண்டு.

3.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தனப்பிரியா அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சோறு போட்டால் தட்டைப் பார்ப்பாள். பேசினால் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் சுவரைப் பார்த்தே சொன்னாள்:

"அதைய எடுத்துப்போடுங்க. அதையப் பாத்துட்டு என்னால இருக்க முடியல."

எடுத்தால் ஒருவேளை பார்ப்பாள். பூபதிக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் சலூனில் போய் உட்கார்ந்தால், துணியைப் போர்த்தும்போதே சிரித்துக்கொண்டு கேட்பார்கள்: "என்ன கொழந்தைங்க?" கேட்பவர் மேல் தப்பில்லை, ஊரறிந்த வழக்கம். சலூன் வாசல் வரை போனவன் எதிர்க்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

இதுவரை படித்த என் வீட்டுக்காரர், "ஏம்புள்ள, டிரிம்மர்னு ஒண்ணு இருக்குதே, அவனுக்குத் தெரியாதா?" என்றார். மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் கேள்வி நியாயம். டிரிம்மரை வைத்தும் எழுதிப் பார்த்தேன். விர்ரென்று ஒரு சத்தம், கதை முடிந்தது. பூபதி கண்ணாடியிலிருந்து என்னை முறைத்தான். அத்தனை சுளுவாக அதை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அசந்தால் தோலைக் கிழிக்கிற சாமான்தான் அவனுக்கு வேண்டும். கையில் அது இருக்கிற வரைக்கும் வேறு நினைப்பு ஓடாது.

4.

அவன் சவரம் பழகிய கூத்தைச் சொல்ல வேண்டும். தறிப் பட்டறையில் கழித்துப்போட்ட தோல்வாரை ஜன்னல் கம்பியில் கட்டி, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய மடக்குக் கத்தியைத் தீட்டினான். கல்லில் அரிவாள் தீட்டிய கை. கூர் முன்னால் போகும்படி தள்ளித்தான் பழக்கம். தோலில் கத்தியின் முதுகு அல்லவா முன்னால் போக வேண்டும்? முதல் இழுப்பிலேயே வார் கிழிந்து தொங்கியது. பிறகு போனில் வீடியோ பார்த்துத் திருத்திக்கொண்டான்.

அடுத்தது பலூன். ஊதி, நுரை தடவி, வெடிக்காமல் வழித்தெடுத்தால் கை பழகிவிட்டதாம். (பலூன் வாங்கும்போது கடைக்காரம்மா "பொறந்த நாளுங்களா?" என்று கேட்டிருப்பார். அதை நான் எழுதப்போவதில்லை.)

படாரென்று வெடித்தது. தனப்பிரியா ஓடி வந்தாள்.

"என்ன கருமங்க இது?" என்று தரையில் கிடந்த ரப்பர் துணுக்கைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்த இடத்தில் அவளைச் சிரிக்கவைக்க நான் படாத பாடு பட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

5.

முடிவுகள்.

அ) கை நழுவுகிறது. ச்சீ. கதை நடக்கவில்லை என்றால் ரத்தத்தைக் கொட்டுகிற புத்தி எனக்கு வேண்டாம்.

ஆ) அடுத்த வருஷம், தொட்டில், சர்க்கரை. உங்களில் பலருக்கு இதுதான் பிடிக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் வருகிற பிள்ளை வருகிற பிள்ளைதானே? போன பிள்ளைக்கு அது எப்படி ஈடாகும்?

இ) ஞாயிற்றுக்கிழமை. தறிக்கு லீவு. நூல் வெட்டுகிற கத்தரியால் நீள முடியை வெட்டிவிட்டான். வெந்நீர், நுரை. வலது கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கத்தியைப் படுக்கவைத்து வழித்தான். இரண்டு இடத்தில் கடுகளவு ரத்தம். மற்றபடி கன்னம் வந்துவிட்டது. இடது பக்கத்துக்குக் கையை மாற்றும்போது தனப்பிரியா வாளி எடுக்க வந்தாள். கழுத்தருகே கத்தியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"பயந்துக்காத புள்ள. செத்த இரு, முடிஞ்சிரும்."

அவள் கத்தியைப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் அவன் முகத்தையே பார்த்தாள். பாதி அப்பன் ஆகவிருந்தவன், பாதி பழைய பூபதி. அவனுக்கு உதடு கோணியது. கத்தி இன்னும் கழுத்தருகேதான் இருந்தது.

"கம்முனு இருங்க," என்றாள். "மொதல்ல கத்தியக் கீழ வெய்யுங்க. வெச்சுட்டு அழுவுங்க."

அவன் வைத்தான்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். இடது கன்னம் பாக்கி இருக்கிறது. அதை அவன் எடுப்பானா, அவள் எடுப்பாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று, அவசரப்படாதீர்கள். இரண்டு பேரும் இப்போதுதான் அழ ஆரம்பித்திருக்கிறார்கள்.