வழியாத தொட்டி

மில் தொட்டி வழிந்தால்தான் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் உலை கொதிக்கும். கோவில்பட்டிக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். கரிசலை எவ்வளவு ஆழம் தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான்; நல்ல தண்ணீர் மில்லுக்கு மட்டும் குழாயில் வந்தது. தொட்டிக்காரர் பூவனலிங்கம் வால்வைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வழிகிற தண்ணீர் மதிலுக்கு வெளியே விழும். பெண்கள் குடங்களோடு நிற்பார்கள். திருட்டா? அட போங்கய்யா, தாகத்துக்கு ஏது திருட்டு!

அறுபத்து மூன்றாம் வருஷம் அதற்கும் ஒரு சனியன் வந்து சேர்ந்தது, பம்பாயிலிருந்து மரப்பெட்டியில். கரண்டில் இயங்கும் வால்வு ஒன்று, மிதவை ஒன்று. தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி வால்வைத் திறக்கும், ஏறினால் மூடும். பூட்டச் சொன்னது எலக்ட்ரிக் பிட்டர் வேதமுத்துவை. அவனும் லைன் வீட்டுக்காரன்தான்.

"கொஞ்சம் கோணலா வச்சிருங்களேன்," என்றாள் அவன் மனைவி தெரசம்மாள். "மிதவை முழுசா ஏறாம இருக்கட்டும்."

"ஏட்டி, வழியுத தண்ணி கரண்ட் பெட்டில இறங்குனா எவனாவது ஒட்டிக்கிட்டுச் சாவான். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வேற வழி இருக்கு. கரண்ட் போனா அந்த வால்வு திறக்காது; தொட்டிய நிரப்ப, பக்கத்துலயே ஒரு கைவால்வு வைக்கணும். அதுதான் முறை. நம்ம ஊர்ல கரண்ட் போகாத நாள் ஏது? அப்போ வழிஞ்சா யாருக்கும் ஆபத்தில்ல. திறக்கப் போறது பூவனலிங்கம் அண்ணாச்சி. அவிய தூக்கம் நமக்குத் தெரியாதா?"

தெரசம்மாள் சிரித்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கச் சேதி பரவியது.

மறுநாள் வேதமுத்து வேலையில் இறங்கினான். முதலில் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது அவனிடம் இருக்கும்வரை ஒருத்தனும் கரண்டைப் போட முடியாது. குழாயிலிருந்த துருவையும் மண்ணையும் அலசி வெளியேற்றி, வடிகட்டி வைத்தான். வால்வின் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தான். பெட்டிக்குள் சொட்டு இறங்காதபடி வயரைத் தொங்கலாக வளைத்து, எர்த் கம்பியை முறுக்கி இறுக்கினான். கடைசியாக, அந்த வால்வைச் சுற்றிப் போகும் தனிக்குழாயில் கைவால்வு. பியூஸைப் போட்டான். தண்ணீர் ஏறியது, 'டக்'கென்று வால்வு மூடியது. ஒரு சொட்டு வழியவில்லை.

மில் இஞ்சினியர் வந்து பார்த்து அவன் முதுகில் தட்டினார். "பிரமாதம் வேதமுத்து! இந்தக் கைவால்வு எதுக்கு?"

'கரண்ட் போனா திறக்க' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? தட்டிய தட்டில் மனசு குளிர்ந்து கிடந்தது பாவிக்கு.

"கரண்ட் போனா இதைத் திறக்கணும் சார். ஆனா ஆள் முழிச்சு நிக்கணும். இது தானா மூடாது, வழிஞ்சு போயிரும்."

நுணலும் தன் வாயால் கெடும். அன்றைக்கே கைவால்வில் சங்கிலி ஏறியது, பூட்டும் விழுந்தது. சாவி இஞ்சினியர் மேஜைக்குள் போயிற்று.

மறுநாள் கரண்ட் போனது. மதிலோரம் பெண்கள் வெயில் சாயும்வரை நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

வீட்டில் காலையில் ஆக்கிய கம்மஞ்சோறு காய்ந்து கிடந்தது. இரண்டாவது உருண்டையில் வேதமுத்துவுக்கு விக்கல் எடுத்தது. "தண்ணி," என்றான்.

தெரசம்மாள் செம்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாத்தான் பூட்டியிருக்கிய," என்றாள். "ஒரு சொட்டு ஒழுகல."