‘கிடைத்தது’ என்று எழுதியவன்

அருங்காட்சியகத்தின் புதிய கூடத்தில் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் என் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்பு, மலைப்போரின் ஆறாம் நாள், வயர்லெஸ் ஆபரேட்டராக நான் எழுதிய பக்கம். ‘காலை 9.40. முகட்டுக் காவல் நிலைக்கு: உடனே இறங்கவும். கிடைத்தது.’

அந்தக் கடைசி வார்த்தையிலிருந்துதான் தேசத்தின் கதை பிறந்தது. இறங்கும் உத்தரவு கிடைத்தும் இறங்காமல் நின்று உயிர்விட்ட பதினொரு பேர். ஐந்தாம் வகுப்பில் பாடம்.

“இது உங்க கையெழுத்துதான்னு ஒரு சான்று குடுத்துட்டா போதும் ஐயா. நாளைக்குத் திறப்பு விழா” என்றார் காப்பாட்சியர்.

பதினொரு பேரில் ஒருவனான மொட்டையின் மனைவியையும் வரவழைத்திருந்தார்கள். மொட்டைக்குத் தலை கொள்ளாத முடி. அதனால்தான் அந்தப் பெயர். அவள் கண்ணாடியில் முகம் படும்படி குனிந்து பக்கத்தைப் படித்தாள். காப்பாட்சியர் படிவம் எடுக்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எறங்கச் சொல்லியும் எதுக்கு அவர் எறங்கல? கல்யாணமாகி ஏழு மாசம். வயித்துல புள்ள. மெடல் குடுத்தப்ப மேடையில சிரிச்சேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பாத்துத் திட்டினேன். என்னைவிட அந்த மலைக் கல்லுதான் பெருசாப் போச்சான்னு. இன்னமும் திட்டுறேன்.”

பதிலுக்காக அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதனால் செய்தியை அனுப்பியதுமே, பதிலுக்குக் காத்திராமல், ‘கிடைத்தது’ என்று எழுதிவிடுவது எங்கள் பழக்கம். எல்லா ஆபரேட்டரும் செய்ததுதான். அன்றும் எழுதினேன். முகட்டிலிருந்து பதில் வரவேயில்லை. அந்த வார்த்தையை நம்பி, முகடு காலி என்று நினைத்து, பத்தரைக்கு நம் பீரங்கிகளே அதைச் சுட்டன.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். முதலில் தண்டனைக்குப் பயந்ததையும், பிறகு அந்தக் கதை எனக்கே பிடித்துப்போனதையும் சொன்னேன்.

“அப்ப அவருக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா முதல் ஆளா ஓடி வந்திருப்பான்.”

“நாப்பத்தோரு வருஷம் அந்த மனுஷன என்ன பேச்செல்லாம் பேசினேன். பாவி, நீங்க ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?”

காப்பாட்சியர் படிவத்தோடு வந்தார். அவரிடமும் சொன்னேன். பாதியிலேயே கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பாடப்புத்தகம் அச்சாகி பள்ளிக்கூடத்துக்கே போயாச்சுங்க. வெளிய கல்லுல வெட்டியாச்சு. பதினோரு குடும்பமும் தலைநிமிர்ந்து வாழுது. இப்பப் போய் நம்ம குண்டுன்னு யார்கிட்ட சொல்றது? நான் கேட்டது ஒண்ணுதான். எழுத்து உங்களுதா, இல்லையா?”

அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேனாவை வாங்கியிருக்க மாட்டேன். அப்படித்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

“என்னை என்ன பாக்குறீங்க? போடுங்க” என்றாள். “அன்னைக்கு மட்டும் யாரையாவது கேட்டுட்டா எழுதினீங்க?”

“என்னுதுதான்” என்றேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போடச் சொன்னார். நான் தலை நிமிர்ந்தபோது அவள் கூடத்தில் இல்லை.